அப்பாவின் ‘ங்க’

மார்ச் 3, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி நாட்குறிப்பு எழுதும் ஆள் நான் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு வருடமாகப் பார்க்கின்சன். வலது கை நடுங்கும். அடி சின்னதாகிவிட்டது. வாசற்படியோ கதவு நிலையோ எதிரில் வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு புது மாத்திரை சேர்த்தார்கள், இன்று அதன் அளவைக் கூட்டினார்கள்.

“நடை, கை, தூக்கம் எல்லாம் எப்படி இருக்குன்னு எழுதிட்டு வாங்க. பழக்கவழக்கத்துல மாற்றம் தெரிஞ்சா அதையும் எழுதுங்க” என்றார் டாக்டர் இந்திராணி.

“என்ன மாதிரி மாற்றம்?”

“எந்த மாதிரியும்.”

இப்படி ஒரு வேலை உத்தரவு எங்கள் கம்பெனிக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவரிடமே சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறைந்துபோனால் உடம்பு நகர மறுக்குமாம். எனக்கு உடனே புரிந்தது. நான் லிப்ட் சர்வீஸ் இன்ஜினியர். கரண்ட் கொடுத்தால் லிப்டின் பிரேக் பிடிக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. தலைகீழ். கரண்ட் கொடுத்தால்தான் பிரேக் விடும். கரண்ட் இல்லையென்றால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லிப்ட் அசையாது. அப்பாவுக்குக் கரண்ட் பத்தவில்லை. மாத்திரைதான் கரண்ட். இதை விளக்க டாக்டருக்கு இருபது நிமிடம் ஆனது.

வரும் வழியில் அம்மாவுக்கு நான் ஒரு நிமிடத்தில் விளக்கினேன்.

“அப்ப, உங்கப்பாவுக்கு டோப்பா கம்மியாப் போச்சாக்கும்.”

“டோபமைன்மா. டோப்பான்னா தலையில வெக்கற பொய்முடி.”

“அதாங்கண்ணு, நானும் அதத்தான சொல்றேன். டோப்பா கம்மி.”

விட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

நடை நன்று. கை நடுக்கம் பாதி. டீயைச் சிந்தாமல் குடித்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா என் உதவியில்லாமல் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தார். வாசலில் கால் ஒட்டவில்லை. அம்மா அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். மாத்திரைக்கல்லவா சுற்ற வேண்டும் என்றேன்.

மாற்றம் ஒன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அப்பா நாச்சிமுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லோருமே பேச்சில் ‘ங்க’ போடுவார்கள், ஆனால் அப்பாவின் ‘ங்க’ ஒரு நோய். படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையனிடம் “உள்ள போங்க சாமி” என்பார். தெருநாயை “அக்கட்ட போங்க” என்பார். எல்லாக் கண்டக்டரும் “போலாம் ரைட்” என்றுதான் டிரைவருக்குக் குரல் கொடுப்பார்கள். “போலாங்க ரைட்!” என்று கொடுத்தவர் அந்த டிப்போவிலேயே இவர் ஒருவர்தான். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் உடனே நாக்கை நீட்டிக் கடித்துக்கொள்வார். தப்பே சொல்லாவிட்டாலும் கடித்துக்கொள்வார்.

எங்கள் அபார்ட்மெண்ட் லிப்டில் (வேறு கம்பெனி, படுமோசமான வயரிங்) ஒரு பெண் குரல், “தயவுசெய்து கதவை மூடவும்” என்று சொல்லும். அப்பா அதற்குத் தவறாமல், “மூடிட்டனுங்க” என்று பதில் சொல்வார்.

இன்று தேங்காயோடு லிப்டில் வரும்போது அந்தக் குரல் கேட்டது. அப்பா சொன்னார்: “தெரியுது. வாயை மூடு.”

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எனக்கு இந்த ‘ங்க’ எப்போதும் பிடிக்காது. எல்லோரும் “வாங்கப்பா” என்பார்கள், நான் சின்ன வயதிலிருந்தே “வாப்பா”தான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு எதற்கு இன்னும் ஓர் எழுத்து?

டாக்டரின் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. அவர் கேட்டது மாற்றம். இது முன்னேற்றம்.

மார்ச் 13, வியாழன்

சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மெண்ட். ஆறாவது மாடி அம்மாள் லிப்ட் ஆடுவதாகப் புகார். முழுதும் சோதித்தேன், ஒரு கோளாறும் இல்லை. “லிப்ட் ஆடல. நீங்கதான் ஆடறீங்க” என்று உண்மை நிலவரத்தைச் சொன்னேன். மாலை மேனேஜர் கூப்பிட்டார். அந்த அம்மாள் அழுதுவிட்டாராம். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். லிப்டில் கோளாறு இல்லை என்று சொன்னதற்கு மன்னிப்பா?

அப்பா: நடை நன்று.

மார்ச் 17, திங்கள்

அசோசியேஷன் செயலாளர் தண்ணீர் விஷயமாக வந்தார். எப்போதும்போல அரை மணி நேரம் பேசினார். அப்பா நடுவில் எழுந்து, “நீ தொட்டியைக் கழுவறதில்ல, பேசியே ரொப்பிடற” என்றார்.

ஐந்து வருடமாக நான் சொல்ல நினைத்த வாக்கியம். நினைத்ததென்ன, இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

செயலாளர் போன பிறகு, “ஏனுங்க, அவரு மொகம் சுண்டிப்போச்சுங்களே” என்றாள் அம்மா. அப்பா நாக்கைக் கடிப்பார் என்று பார்த்தாள். அவர் பேப்பரில் ராசிபலனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அபிநயா வீட்டிலிருந்து எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

அபிநயா யார் என்று இதில் எழுதவில்லை. கால்நடை மருத்துவர், பொள்ளாச்சிப் பக்கம். ஜாதகம் பார்த்து வந்த இடம்தான். பெண் பார்க்கப் போன அன்று, “கேசரி எப்படிங்க இருக்குது?” என்று கேட்டாள். “சர்க்கரை அதிகம். முந்திரி ஊறிப்போச்சு” என்றேன். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார், எனக்காக. அவள் சிரித்துவிட்டு, “நான் செய்யலீங்க. அடுப்புப் பக்கமே நான் போறதில்ல” என்றாள். அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

உப்புச்சர்க்கரைக்கு மே 4 நாள் குறித்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதுதான் நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை ஏந்திப் பெண் வீட்டுக்குள் போய்க் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அவர்கள் வீட்டில் எல்லாம் அவள் பெரியப்பா குழந்தைவேலு வைத்த சட்டம். அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இன்று போனில் அபிநயா சொன்னாள்: “நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குப் புடிச்சிருக்குதுங்க. ஆனா பேசறதுக்கு முன்னால ஒரு நொடி நிக்கவும் மாட்டீங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் நின்னு பேசுங்க.”

நான் எப்போதும் நின்றுதான் பேசுகிறேன். உட்கார்ந்து வேலை பார்க்கும் தொழிலா எனக்கு?

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் பேரில் தப்பு என்று படிப்பவருக்கே தெரியும்.

பதினோரு மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். அபிநயா வரவில்லை, பெண் வரும் வழக்கமில்லை. பெரியப்பா குழந்தைவேலு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நேர் மேலே மின்விசிறி. வெயில் என்பதால் அம்மா அதை ஐந்தில் வைத்தாள். அவருடைய முன் நெற்றி முடி மொத்தமாக, ஒரு மூடி போல, எழுந்து எழுந்து அமர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் உடனே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள்.

அப்பா மட்டும் காலண்டரைப் பார்க்கவில்லை.

“அது டோப்பாவா?” என்றார்.

காலண்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது அப்பாவைப் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா மீசை பூராம் நரைச்சிருக்குது, மண்டை மட்டும் கருகருன்னு இருக்குது. வாங்கறப்பவே மேட்சிங் பாக்க வேண்டாமா?”

ஒரு ‘ங்க’கூட இல்லை.

அம்மா காபித் தட்டோடு ஓடி வந்தாள். “தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா! அவருக்கு டோப்பா பிரச்சனைங்க. டோப்பா கம்மியாயிருச்சுன்னு டாக்டர் மாத்திரை குடுத்தாங்க. இப்ப டோப்பா அதிகமாயிருச்சாட்ட இருக்குதுங்க!”

பெரியப்பாவின் கை தலைக்குப் போனது. “ஏனுங், ஊட்டுக்கு வரச் சொல்லிப்போட்டு குடும்பத்தோட கேலி பண்றீங்களா?”

“அய்யோ சாமி, இல்லீங்கண்ணா! இந்த டோப்பாங்கறது மூளைக்குள்ளாற இருக்கறதுங்க!”

இங்கே ஒரு தொழில்நுட்பக் குழப்பம் இருந்தது. அதை நீக்குவது என் கடமை. எழுந்து சொன்னேன்: “அம்மா, எத்தனை தடவை சொல்றது? மூளைக்குள்ள இருக்கறது டோபமைன். டோப்பாங்கறது அவரு தலையில இருக்கறது.”

தெளிவாக, விரலால் சுட்டிக் காட்டித்தான் சொன்னேன். அபிநயாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். இலை போட்டு வைத்திருந்தது, ஒருவரும் உட்காரவில்லை. காபிகூடத் தொடவில்லை.

லிப்ட் கதவு மூடியதும் அப்பா கேட்டார்: “நல்ல மனுசங்க. ஏன் சாப்புடாமப் போறாங்க? சரி, அந்த வடைய இக்கட்ட தள்ளு.”

நாலு வடை சாப்பிட்டார். கை நடுங்கவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

அபிநயா பேசினாள். பெரியப்பா இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்கிறாராம்.

“மாத்திரைதான் காரணம்” என்றேன்.

“அது தெரியுதுங்க. அந்த மாத்திரைக்கு இது உண்டு. சிலபேருக்கு நெனச்சதை அடக்க முடியாமப் போயிரும், தப்புப் பண்ணினாலும் தப்புன்னே தெரியாது. சீட்டு வெளையாட ஆரம்பிச்சவங்க எல்லாம் இருக்கறாங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“என்னன்னு?”

“மாமா பேச்சு மாறியிருக்குதுன்னு.”

“அதை நான் முன்னேற்றம்னு நினைச்சேன்.”

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

“மாமாவுக்கு மாத்திரை, சரிங்க. எந்திரிச்சு நின்னு விரல் நீட்டினீங்களாமே, உங்களுக்கு என்னுங்க காரணம்?”

சிக்னல் சரியில்லை, வைத்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரை நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, “மாற்றம் இருந்தா எழுதச் சொன்னேனே” என்றார்.

“எந்த மாதிரின்னு நீங்க சொல்லல.”

அவர் விளக்கியது: டோபமைன் கையையும் காலையும் மட்டும் நகர்த்துவதில்லை. ‘செய், செய், நன்றாக இருக்கும்’ என்று தூண்டுவதும் அதுதான். இந்த மாத்திரை சிலருக்கு அந்தத் தூண்டுதலை மிஞ்சவிட்டுவிடும். கூடவே, செய்தது தப்பு என்று உள்ளே சுருக்கென்று ஒன்று குத்துமே, அதையும் மழுங்கடிக்கலாம்.

“புரியுது. லெவலிங் சென்சார்” என்றேன். லிப்ட் ஒரு தளத்தில் இரண்டு அங்குலம் பிசகி நின்றால் அதற்கே தெரியும், தானே மெல்ல இறங்கிச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சென்சார் போய்விட்டால், பிசகி நிற்கிறோம் என்பதே தெரியாமல் ஜம்மென்று கதவைத் திறக்கும். ஏறுபவர்தான் தடுக்கி விழ வேண்டும்.

“நல்ல உதாரணம். அந்த லிப்டைக் கேட்டா, தான் சரியாத்தான் நிக்கறதா சொல்லும், இல்லையா?”

“கண்டிப்பா.”

“உங்க வயசு என்ன?”

“இருபத்தெட்டு.”

“நீங்க எந்த மாத்திரையும் எடுத்துக்கறதில்லையே?”

“இல்ல. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

இப்படித்தான் நேரம் வீணாகிறது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். சட்டென்று நிறுத்தக் கூடாது. குறைத்தால் பேச்சு பழையபடி ஆகலாம், நடையும் பழையபடி ஆகலாம். அப்பாவிடமே கேட்டார்.

“நான் நல்லாத்தான் இருக்கறேன். இவனுக்குத்தான் கல்யாணப் பைத்தியம்” என்றார் அப்பா. பிறகு மெதுவாக: “நடை போயிருமா?”

டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால், “போகும்” என்று நான் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில். அம்மா இந்த முறை கிள்ளவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

முதல் குறைப்பு. அப்பா, “என்ற கால வெட்டறீங்கடா” என்றார். மற்றபடி மாற்றமில்லை.

ஏப்ரல் 5, சனி

அபிநயா பெரியப்பாவிடம் பேசிவிட்டாள். அவர் மாடு வைத்திருப்பவர். ஊசி போட்ட மாடு இரண்டு நாளைக்கு ஆள் தெரியாமல் முட்டுமே, அந்த மாதிரி என்று சொன்னாளாம். என் அப்பா, மாட்டு உதாரணத்தில். ஆனால் வேலை செய்திருக்கிறது.

“அப்பனுக்கு மருந்து, சரி, மன்னிச்சரலாம். பையனுக்கு எந்த ஊசி போட்டாங்க அம்முணி?” என்று கேட்டாராம்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம். உப்புச்சர்க்கரை அன்று மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. வண்டியிலிருந்து இறங்கியது முதல் தட்டு கை மாறும் வரை ஒரு வார்த்தை கேட்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

“உங்களால முடியுங்களா?” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. “வெளையாட்டில்லீங்க. பெரியப்பா சொன்னாச் சொன்னதுதான்.”

இதில் என்ன கஷ்டம்? பேசாமல் இருப்பதற்குத் தனித்திறமை வேண்டுமா?

ஏப்ரல் 8, செவ்வாய்

மேனேஜர் புது ஏற்பாடு செய்திருக்கிறார். இனி வாடிக்கையாளரிடம் கூட வரும் ஆள் பேசுவாராம், நான் மெஷின் அறையை விட்டு இறங்க வேண்டாமாம். ஒரே வாரத்தில் இரண்டாவது வாய்ப்பூட்டு. எனக்கு நேரம் மிச்சம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. இரண்டாவது குறைப்பு முடிந்து நான்கு நாள். அடுக்களை நிலைப்படியில் அப்பாவின் கால் ஒட்டிக்கொண்டது. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. “வாப்பா, வா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. அம்மா தாங்கியிருக்காவிட்டால் முகம் அடுப்பில்தான்.

“இழுக்காத இழுக்காதன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு!” என்று அம்மா கத்தினாள்.

நான் இழுத்தது சரியான திசையில்தான்.

பாயசம் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

ஏப்ரல் 19, சனி

ஒரு கண்டுபிடிப்பு. அப்பா இன்று எங்கள் லிப்ட் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வைக்க வேண்டிய ஓரடியை வைக்க முடியவில்லை. “தயவுசெய்து கதவை மூடவும்” என்று அந்தப் பெண் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது கீழே தெருவில் டவுன் பஸ் கிளம்பும் இரட்டை விசில் கேட்டது. அப்பாவின் வலது கால் தானாக எழுந்து உள்ளே வந்தது. பின்னாலேயே இடது கால்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். தாளமோ பழகிய குரலோ கேட்டால் ஒட்டிய கால் சிலருக்கு விடுபடுமாம். போனில் தாளம் தட்டும் செயலி ஒன்றை இறக்கிவிட்டேன். நிமிடத்துக்கு எண்பது. உப்புச்சர்க்கரைக்குத் தயார். நான் பேச வேண்டியதில்லை, போன் பேசும்.

ஏப்ரல் 25, வெள்ளி

லிப்டில் மூன்று பேரும் வந்தோம். “தயவுசெய்து கதவை மூடவும்.”

“மூடறனுங்க” என்றார் அப்பா.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாவது மாடி வரும் வரை எடுக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

‘ங்க’ வந்ததோடு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. அப்பா காலையிலிருந்து உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். செயலாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தேங்காய்க் கடைக்காரரிடமும் கேட்டார். அவரை என்ன சொன்னார் என்று எனக்கே தெரியாது. பெரியப்பாவிடம் மட்டும் போனில் கேட்க மாட்டாராம்.

“நேர்ல போயி, என்ற கால்ல நடந்து உள்ள போயி, தட்டக் குடுத்துப்போட்டுச் சொல்லோணும். தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா நான் வரலீங்க.” இதை என்னிடம்தான் சொன்னார், ‘ங்க’ போட்டு.

கை பழையபடி நடுங்குகிறது. டீ பாதி சட்டையில். துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அப்ப ஒண்ணுமே தப்பாத் தெரியல தரணி. எல்லாஞ் சரியாத்தான் பேசறேன்னு இருந்துச்சு. சொகமா இருந்துச்சு. பஸ்ஸுல ஆளு எறங்கோணும்னா மணியடிப்பாங்கல்ல, அந்த மாதிரி உள்ள ஒண்ணு அடிக்கும் எனக்கு. அது அடிக்கவே இல்ல.” என் பக்கம் திரும்பினார். “உனக்கு அடிக்குதா கண்ணு?”

கீழே வண்டி கழுவ வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

மே 2, வெள்ளி

வாயை மூடும் ஒத்திகை என்று அம்மா காலை முழுதும் சோதித்தாள். உப்பில்லாத சாம்பார், பொத்தான் மாறிப்போட்ட சட்டை, அந்தச் செயலாளர். மூன்றாவதில் தோற்றேன்.

மே 4, ஞாயிறு

பத்து மணிக்குப் பெண் வீட்டு வாசல். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. பந்தல், நாதஸ்வரம், ஊர்பட்ட சனம். நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே உதட்டை மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்பா தட்டை ஏந்திக்கொண்டு நடந்தார். சின்ன அடிதான், ஆனால் தன் காலில். தட்டில் உப்பும் சர்க்கரையும் கை நடுக்கத்தில் மெல்லச் சலசலத்தன. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா குழந்தைவேலு கைகூப்பி நின்றார். தலையில் அது இல்லை. வழுக்கை, நடுவில் சந்தனப் பொட்டு. பார்த்தேன். சொல்வதற்கு ஒரு வாக்கியம் முழுதாகத் தயாராகி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். வலித்தது.

வாசற்படியில் அப்பாவின் கால் ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். சட்டைப் பையில் போனைத் தட்டிவிட்டேன். நிமிடத்துக்கு எண்பது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவே ஒரு எழவும் கேட்கவில்லை. சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். கேட்கவில்லை. இதை நான் முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

யாரோ ஒருவர், “ஏனுங், மாப்ளையோட அப்பன் உள்ள வர மாட்டீங்கறாரா?” என்றார். இன்னொருவர், “சகுனம் பாக்கறாராட்ட இருக்குது” என்றார். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துத் தூக்க வந்தார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வியர்த்துக் கொட்டியது. தூக்கிவிட்டால், தன் காலில் நடப்பேன் என்ற அவருடைய பேச்சு போச்சு. வாயைத் திறந்தால் என் கல்யாணம் போச்சு. உள்ளே தூணோரம் அபிநயா நின்றுகொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள்.

முதலில் வந்த வார்த்தைகள் அந்த இரண்டு பேரைப் பற்றியவை. அவற்றை இங்கேயும் எழுத முடியாது. நாக்கைக் கடித்தேன், ரத்தம் வருகிற மாதிரி. கடித்துக்கொண்டே நின்றேன். அபிநயா சொன்ன அந்த ஒரு நொடி இதுதான் போலிருக்கிறது, ரொம்ப நீளமாக இருந்தது.

பிறகு கத்தினேன்.

“போலாங்க ரைட்!”

நாதஸ்வரம் நின்றுவிட்டது. அப்பாவின் வலது கால் எழுந்து, வாசற்படியைத் தாண்டி, உள்ளே இறங்கியது.

“போலாங்க! போங்க! போலாங்க ரைட்!”

இடது கால். மறுபடி வலது. அப்பா கூடத்தின் நடுவரை நடந்து போய்த் தட்டை நீட்டினார். உப்பு பாதி தரையில். நீட்டியபடியே நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு எங்க ஊட்டுல நான் பேசுனது ரொம்பத் தப்புங்க. அப்பத் தெரியலீங்க. இப்பத் தெரியுதுங்க.”

பெரியப்பா தட்டை வாங்கவில்லை. அப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“வாயைத் தொறக்கப்படாதுன்னு சொன்னனுங்களே மாப்ள.”

உதட்டை மறுபடி மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். “ஆறு வார்த்தை பேசுனீங்க. கேட்டுட்டேதான் இருந்தேன். ரைட்டத் தவுத்து எல்லாத்துலயும் ‘ங்க’ இருந்துச்சு.” தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “அதனால உட்டர்றனுங்க.”

மே 5, திங்கள்

நடை: மெதுவாக. கை: நடுக்கம் உண்டு. பேச்சு: எல்லாவற்றிலும் ‘ங்க’.

அபிநயா போன் செய்தாள். நேற்று நான் பேசியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஒன்றைத் தெளிவுபடுத்தினேன். அது கண்டக்டர் குரல், அப்பாவுடையது. ஒரு கருவி மாதிரிப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது.

“சரிங்க, சேக்கல” என்றாள்.

நாக்கு இன்னும் வீங்கியிருக்கிறது.

மே 7, புதன்

மெஷின் அறை வேலை சரவணம்பட்டியில். இறங்கும்போது ஆறாவது மாடியில் அந்த அம்மாள் ஏறினார். என்னைப் பார்த்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லிப்ட் ஆடவில்லை.

சொல்ல வாயைத் திறந்தேன். வீங்கிய இடம் பல்லில் பட்டுச் சுருக்கென்றது.

“பயமா இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம்” என்றார்.

கீழே போகும் வரை கூடவே நின்றேன். கதவு திறந்ததும் தரையைப் பார்த்தேன். பிசகில்லாமல், சரியாக நின்றிருந்தது. லிப்டைச் சொல்கிறேன்.